விக்கிப்பீடியா கதவடைத்த நாள்

கடையடைப்பு நமக்குப் புதிதல்ல. ஷட்டரை இறக்கி, கறுப்புக் கொடி கட்டி, வாசலில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். 2012 ஜனவரி 18 அன்று நடந்தது வேறு மாதிரியான கடையடைப்பு. நம் நேரப்படி காலை பத்தரை மணிக்கு ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரத்துக்குக் கதவைச் சாத்தியது. எதைத் தேடினாலும் ஒரு கறுப்புப் பக்கம்தான் வந்து நின்றது. காரணம் தெரியாமல் கணினியைத் தட்டிப் பார்த்தவர்கள் நம்மிலும் உண்டு.

காரணம் அமெரிக்காவில் இருந்தது. திருட்டுப் படம், திருட்டுப் பாட்டு விற்கும் வெளிநாட்டு இணையதளங்களை ஒடுக்க அங்கே இரண்டு மசோதாக்கள் வந்திருந்தன. செனட்டில் 2011 மே மாதம் பேட்ரிக் லேஹி கொண்டுவந்தது 'பிபா'. பிரதிநிதிகள் சபையில் அதே ஆண்டு அக்டோபரில் லாமர் ஸ்மித் கொண்டுவந்தது 'சோபா'. ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. இரண்டு கட்சியும் கைகோத்து வந்த மசோதா தோற்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

திரைப்படக்காரர்களின் குறை பொய்யில்லை. படம் வெளியான அன்றே திருட்டு விசிடி பார்த்த ஊர்க்காரர்கள் நாம். அதைச் சொல்ல நமக்குக் கூச்சம் வேண்டாம். ஆனால் மருந்து கடுமையாக இருந்தது. நீதிமன்ற உத்தரவு வந்தால் இணைய நிறுவனங்கள் அந்தத் தளத்தின் பெயரையே தடுக்க வேண்டும், தேடுபொறிகள் அதைக் காட்டக் கூடாது, பணம் செலுத்தும் நிறுவனங்களும் விளம்பரக்காரர்களும் உறவை முறித்துக்கொள்ள வேண்டும். டெலிபோன் டைரக்டரியிலிருந்து ஒருவர் பெயரைக் கிழித்துவிடுவது போல. வீடு அங்கேயேதான் இருக்கும், நம்பர் தெரிந்தவன் பேசிக்கொண்டுதான் இருப்பான். கெடுவது டைரக்டரிதான். இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் உட்பட 83 பொறியாளர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள்.

2011 நவம்பர் 16 அன்று சோபா மீது விசாரணை நடந்தது. சாட்சிகள் ஆறு பேர். ஐந்து பேர் ஆதரவு, கூகுளின் பிரதிநிதி ஒருவர் மட்டும் எதிர்ப்பு. அதே நாளில் டம்ளர் என்ற தளம் தன் பயனர்களை அவரவர் தொகுதி உறுப்பினருக்குப் போன் செய்யச் சொன்னது. 87,834 அழைப்புகள் போயின. எனக்கு இந்த எண்தான் முழுக் கதையின் திறவுகோலாகத் தெரிகிறது. இணையத்தில் கையெழுத்துப் போட்டால் உறுப்பினருக்குச் சூடு தெரியாது. அலுவலக டெலிபோன் விடாமல் மணியடித்தால், எடுத்தால் எதிர்முனையில் தன் தொகுதி வாக்காளரே இருந்தால், தெரியும்.

டிசம்பரில் கோடாடி என்ற, இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் நிறுவனம் சோபாவை ஆதரிக்கிறது என்று தெரிந்ததும், ரெட்டிட் தளத்தில் கூடுபவர்கள் தங்கள் பெயர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கிளம்பினார்கள். அந்த நிறுவனம் ஒரே நாளில் ஆதரவைக் கைவிட்டது.

விக்கிப்பீடியாவுக்குத்தான் முடிவெடுப்பது கஷ்டம். எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுவதுதான் அதன் ஆதாரக் கொள்கை. கலைக்களஞ்சியம் அரசியலில் இறங்கலாமா? ஜிம்மி வேல்ஸ் யோசனையை முன்வைத்தார் என்றாலும் அவர் உத்தரவிட முடியாது. எழுதுபவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். 2011 அக்டோபரில் இத்தாலிய விக்கிப்பீடியா தன் நாட்டு மசோதா ஒன்றை எதிர்த்துக் கதவடைத்த முன்னுதாரணம் இருந்தது. 1,800 பேருக்கு மேல் மூன்று நாள் வாதாடினார்கள். கட்டுரைகள் நடுநிலையாக இருக்கலாம், ஆனால் கலைக்களஞ்சியம் உயிரோடு இருப்பது நடுநிலையான விஷயமல்ல என்ற பக்கம் வென்றது. வேண்டாம் என்றவர்களின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒருமுறை சாய்ந்தவரை மறுமுறையும் சாயச் சொல்வார்கள்.

அந்தக் கறுப்புப் பக்கத்தில் கோஷம் அதிகம் இல்லை. நம் பின்கோடு போல அவர்களுக்குள்ள ஜிப் கோடைக் கேட்டது. போட்டால் உங்கள் உறுப்பினர் யார், எப்படித் தொடர்புகொள்வது என்று காட்டியது, அவ்வளவுதான். பக்கம் 16 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. 80 லட்சம் பேர் தங்கள் உறுப்பினரைத் தேடினார்கள். கூகுள் தன் பெயர்மேல் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு 70 லட்சம் கையெழுத்துத் திரட்டியது. கூகுளுக்குச் சொந்த லாபக் கணக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் கிறிஸ் டாட், அதற்கு முன் 30 ஆண்டு செனட்டராக இருந்தவர், இதை அதிகார துஷ்பிரயோகம் என்றார்.

அன்று மாலைக்குள் பிபாவில் இணைந்து கையெழுத்திட்டிருந்த மார்கோ ரூபியோ போன்றவர்களே பின்வாங்கினார்கள். 20ஆம் தேதி, செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் 24ஆம் தேதி வைத்திருந்த வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். ஸ்மித்தும் சோபாவை நிறுத்தினார். இரண்டும் பிறகு வாக்கெடுப்புக்கே வரவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், 2010லேயே, இதே போன்ற ஒரு மசோதாவை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் தொடங்கியவர் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர். சோபாவை எதிர்த்து அலைந்த மாதங்களில் அவர்மீதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆய்வுக் கட்டுரைகளை ஒரு பல்கலைக்கழக வலையமைப்பு வழியே லட்சக்கணக்கில் இறக்கினார் என்பது குற்றச்சாட்டு. 2012 மே மாதம் வாஷிங்டனில் மேடையேறி, இந்த மசோதாவை எப்படி நிறுத்தினோம் என்று சிரித்த முகத்தோடு விவரித்தார். 2013 ஜனவரி 11 அன்று, வழக்கு முடியும் முன்பே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 26.