பதினொன்றும் நாலு கோடி இலக்கமும்

எண்ணூர் விரைவுச்சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசைகட்டும் டிரெய்லர்களைப் பாருங்கள். ஒவ்வொரு கண்டெய்னரின் கதவிலும் நாலு எழுத்து, ஆறு இலக்கம், பிறகு கட்டம் கட்டிய ஓர் ஒற்றை இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கத்தைத் தீர்மானிப்பது 11 என்ற பகா எண். அதன் பக்கத்தில் இன்னொரு பகா எண்ணை நிறுத்துவோம். 2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது. 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. 2024 அக்டோபரில் அமெரிக்கர் லூக் டுரான்ட் கண்டுபிடித்தார். இரண்டு எண்களுக்கும் மூலதனம் ஒன்றே: 2-இன் அடுக்குகளும் வகுத்தால் வரும் மீதியும்.

கண்டெய்னர் எண்களுக்கான ஐஎஸ்ஓ 6346 விதியை விளக்குவோர் வழக்கமாகக் காட்டும் எண் சி.எஸ்.கியூ.யு 305438. எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு உண்டு. 11, 22, 33 மட்டும் கிடையாது. இங்கே அவை 13, 30, 28, 32. பத்து இடங்களையும் முறையே 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6,185. 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்தில் 3 எழுதுவார்கள்.

ஏன் 11? அந்தப் பத்துப் பெருக்கெண்களையும் 11-ஆல் வகுத்தால் மீதிகள் 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6. ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. 10-ஆல் வகுத்தால் ஆறாவது இடத்திலேயே 2 மறுபடி வந்துவிடும். ஆகவே யாராவது அவசரத்தில் 38-ஐ 83 என்று தட்டினால் கூட்டுத்தொகை 4,905, மீதி 10, கணக்கு இடிக்கும். ஆனால் 10 ஒற்றைக் கட்டத்தில் அடங்காது என்பதால் 0 போடுகிறார்கள். அதுதான் இந்த ஏற்பாட்டின் ஒரே அழுக்கான மூலை. மீதி 10 வரும் எண்களைத் தவிர்ப்பது நல்லது என்று விதியே சொல்கிறது.

பெரிய எண்ணுக்கு வைக்கும் லூக்கா–லேமர் சோதனையும் மீதிக் கணக்குத்தான். 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, அந்த ராட்சத எண்ணாலேயே வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை, 13 கோடியே 62 லட்சம் தடவைக்கு மேல். முடிவில் மீதி 0 என்றால் அது பகா எண்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே விடையும் பகா எண்ணாகிவிடும் என்று நினைத்தால் 11-தான் காலை வாரும்: 2-இன் 11-ஆவது அடுக்கில் 1 குறைத்தால் 2,047, அதாவது 23 × 89. பகா எண்கள் யாரையும் ஏமாற்றும். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபடி 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய ராமானுஜனே, அவற்றின் எண்ணிக்கைக்குத் தந்த சூத்திரத்தில் சறுக்கினார்.

பயன் என்று பார்த்தால் என் ஓட்டு 11-க்கு. வங்கிகளின் மறையாக்கப் பூட்டுகளுக்குச் சில நூறு இலக்க ரகசியப் பகா எண்களே போதும்; ஊரறிந்த ராட்சதன் அங்கே செல்லாக்காசு. ஆனாலும் தப்பைப் பிடிப்பதில் அவன் இனமும் சளைத்ததல்ல. இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த கோளாறு, இவ்வகை எண்களைத் தேடும் மென்பொருளை ஓட்டியபோதுதான் அகப்பட்டது. 2016 தொடக்கத்தில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டது.