படகு மோட்டாரின் சரித்திரமும் நம்மவர் தேர்வும்

புள்ளலூர் என்றவுடன் சரித்திரம் கற்றோர்க்குப் போர்க்களமே நினைவுக்கு வரும். மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை இவ்வூரில் வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகின்றது. 1780-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் அவர் குமாரர் திப்புவும் இவ்வூரின் அருகே முறியடித்தனர். மகேந்திரவர்மனுடைய குமாரன் நரசிம்மவர்மனோ, நிலத்தோடு நில்லாமல், இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு உதவியாகக் கடல் கடந்து படை அனுப்பினான் என்பது மகாவம்சத்தால் விளங்குகின்றது. அரசர் பெயரும் தளபதியர் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அக்கப்பல்களில் துடுப்புப் பிடித்தவர் பெயர் ஒன்றேனும் கிடைக்கவில்லை. நீரில் பிழைப்போர் சரித்திரத்தை அவர்கள் கையாண்ட கருவிகளைக் கொண்டே நாம் அறிய வேண்டியிருக்கிறது.

இவ்வியாசம் அத்தகைய ஒரு கருவியைப் பற்றியது. துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் மோட்டார் வந்திருக்கின்றது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்து வலை வீசும் உள்நாட்டு நம்மவரும், கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய கரைகளில் கடலோடும் நம் உறவின்முறையாரும், “சிறு படகுக்கு டூ ஸ்ட்ரோக் மோட்டார் நல்லதா, ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் நல்லதா?” என்று கேட்கின்றனர். வினா சிறிதாய்த் தோன்றினும், அதன் பின்னே ஒரு குடும்பத்தின் கடன் நிற்கின்றது. மோட்டார் வாங்கும் பொருட்டு வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகின்றது. அது திரும்பி வருவதும் வாராமையும் மோட்டாரின் குணத்தைப் பொறுத்தது. ஆகையால் இவ்விஷயத்தைக் கடைக்காரர் சொல்லுக்கு விட்டுவிடாமல், அதன் சரித்திரத்தோடு சேர்த்து ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிவோம். எண்ணெயால் இயங்கும் எஞ்சினில் சிலிண்டர் என்னும் குழலுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகின்றது. அது ஒருமுறை ஏறுவதோ இறங்குவதோ ஒரு வீச்சு எனப்படும். 1862-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்து போ த ரோஷா என்பவர் நால்வீச்சு முறையை எழுத்தில் வகுத்தார். 1876-இல் ஜெர்மனி தேசத்து நிக்கோலாஸ் ஓட்டோ அம்முறையில் ஓடும் எஞ்சினைச் செய்து காட்டினார். முதல் வீச்சில் காற்றும் எரிபொருளும் உள்ளே இழுக்கப்படும். இரண்டாவதில் அவை அமுக்கப்படும். மூன்றாவதில் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நான்காவதில் புகை வெளியேறும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வீச்சும், கதவுபோலத் திறந்து மூடும் வால்வுகளும் உண்டு. எஞ்சினுக்கு மசகெண்ணெய் அடியிலுள்ள தனிப் பாத்திரத்தில் இருக்கும். அது எரிபொருளோடு கலவாது.

இந்நான்கு வேலைகளையும் இரண்டே வீச்சில் முடிக்கும் எஞ்சினுக்கு 1881-இல் ஸ்காத்லாந்து தேசத்து டூகால்ட் கிளார்க் உரிமைப் பத்திரம் பெற்றார். இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே 1891-ஆம் வருஷத்தை ஒட்டி அதனை மிகவும் எளிதாக்கினார். அவர் முறையில் வால்வுக் கதவுகள் சிலிண்டரில் இல்லை. பிஸ்டனே ஓடும்போது பக்கத்துத் துளைகளைத் திறந்தும் மூடியும் விடும். நால்வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிந்து தள்ள, இருவீச்சு எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளும். ஆதலின் குறைந்த எடையில் அதிக வலிமை கிடைக்கின்றது. ஆனால் இவ்வரத்தோடு ஒரு சாபமும் உண்டு. புதிய எரிபொருள் உள்ளே புகுந்துதான் பழைய புகையை வெளியே துரத்த வேண்டும். அவ்வேளையில் புதியதிலும் ஒரு பகுதி எரியாமலே புகையோடு ஓடிவிடும். பழைய மாதிரி எஞ்சின்களில் இவ்வாறு வீணாவது நாலில் ஒரு பங்கு வரையிலும், சில வேளை அதற்கு மேலும் ஆகும். மசகெண்ணெயையும் எரிபொருளிலேயே கலந்து ஊற்ற வேண்டுமாதலால், அதுவும் உடன் சென்று நீரில் கலக்கும்.

படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய மோட்டாருக்கு அமெரிக்காவில் 1907-இல் காமெரான் வாட்டர்மன் உரிமைப் பத்திரம் பெற்றார். 1909-இல் நார்வே தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்னும் தொழிலாளி தம் மோட்டாரை விற்கத் தொடங்கினார். அதன் எடை 62 பவுண்டு. வலிமை ஒன்றரைக் குதிரை சக்தி. கணவர் யந்திரத்தைக் கவனிக்க, மனைவியார் பெஸ் வியாபாரத்தைக் கவனித்தார். ஒரு மனிதன் தூக்கிச் செல்ல வேண்டிய பொருளாதலின் இருவீச்சு முறையே அதற்கு ஏற்றதாயிற்று. பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல், படகின் புறத்தே மாட்டும் மோட்டார் என்றால் பெரும்பாலும் இருவீச்சு மோட்டார் என்றே பொருள்பட்டது.

இனி நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். சென்னை அரசாங்கத்தில் சர் பிரெடெரிக் நிக்கல்சன் 1905-இல் மீன்பிடி தொழிலைப் பற்றிய ஆராய்ச்சியை மேற்கொண்டார். 1907-இல் மீன்வள இலாகாவுக்கு அடிகோலப்பட்டது. இதே நிக்கல்சன், அதற்கு முன் 1895-இல் விவசாயிகளின் கடனையும் கூட்டுறவு நாணயச் சங்கங்களையும் குறித்துப் பெரியதோர் அறிக்கை எழுதியவர். கடனை அறிந்தவரே கடலையும் ஆராய வந்தது தற்செயலாயினும் பொருத்தமே. ஏனெனில் நம்மவர் கையில் புதுக்கருவி வந்த காலமெல்லாம் அதனோடு கடனும் கைகோத்தே வந்திருக்கின்றது.

சுதந்திரத்திற்குப் பின், 1952-இல் செய்த உடன்படிக்கையின்படி இந்தோ-நார்வேத் திட்டம் கொல்லத்தருகே தொடங்கி, யந்திரப் படகுகளை நம் தென்கரைக்குப் பழக்கிற்று. 1980-களில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் மண்ணெண்ணெயால் ஓடும் இருவீச்சு மோட்டார்கள் வெகு வேகமாகப் பரவின. பெட்ரோலால் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவற்றின் வழக்கம். தூரக் கடலுக்கு விரைந்து செல்லும் வல்லமையை அவை தந்தன. அதே வேளையில், காற்றுக்குக் காசு கொடாத மனிதனை நாள்தோறும் எண்ணெய்க்குக் காசு தேடுபவனாகவும் ஆக்கின. ஒருவன் 10 குதிரை சக்தி வாங்கினால் அடுத்தவன் 15 வாங்குவதும், பின் இருவரும் அதற்கு மேல் தேடுவதும் வழக்கமாயின. யானையைக் கட்டித் தீனி போடுவது போல மோட்டாரைக் கட்டி எண்ணெய் போடும் நிலை உண்டாயிற்று.

இவ்வெண்ணெய்ச் செலவை முன்னரே கருதிய அறிஞரும் இருந்தனர். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாட்டு உணவு விவசாய ஸ்தாபனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கிற்று. அதில் பணி செய்த படகமைப்பாளர், அலை மோதும் மணற்கரையில் ஏற்றக்கூடிய படகுகளை அமைத்து, கரை சேரும்போது தண்டையும் விசிறியையும் மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தனர். சிக்கனமே அவர் நோக்கம்.

26-12-2004-இல் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடிய பின், கட்டுமரங்கள் இருந்த இடங்களில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் வந்தன. நீண்ட தண்டின் நுனியில் விசிறியை வைத்த, ஏறக்குறைய 10 குதிரை சக்தியுள்ள டீசல் எஞ்சின்களே அவற்றில் மிகுதியாக அமைந்தன. அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சிறு டீசல் எஞ்சின் நால்வீச்சு எஞ்சினே. அதாவது, நம் சோழமண்டலக் கரை, இருவீச்சா நால்வீச்சா என்று வாதம் செய்யாமலே, எண்ணெய்ச் செலவைக் கருதி நால்வீச்சைத் தேர்ந்துகொண்டது.

மேனாடுகளும் வேறு வழியாய் அதே முடிவுக்கு வந்தன. ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார் 1964-இலேயே நால்வீச்சுப் படகு மோட்டாரை வெளியிட்டனர். 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா, புது மோட்டார்களிலிருந்து எரியாமல் வெளியேறும் எண்ணெய்ப் புகையை 2006-க்குள் நூற்றுக்கு 75 பங்கு குறைக்க வேண்டுமென்று விதித்தது. எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் புதுவகை இருவீச்சு மோட்டார்கள் அவ்விதிக்குள் அடங்கின. எனினும் நால்வீச்சே மேலோங்கிற்று. 1909-இல் இத்தொழிலைத் தொடங்கிய எவின்ரூட் பெயர் கொண்ட மோட்டாரின் உற்பத்தியும் 2020-இல் நிறுத்தப்பட்டது.

இவ்வளவையும் கேட்டவர், “ஆயின் இருவீச்சு தள்ளத்தக்கதோ?” என்று வினவலாம். அன்று. அதற்குரிய பெருமையை மறைப்பது நியாயமாகாது. 15 குதிரை சக்தி வகையில் இருவீச்சு மோட்டார் ஏறக்குறைய 36 கிலோ எடையுடையது. நால்வீச்சு 50 கிலோவை ஒட்டும். நாள்தோறும் படகினின்று கழற்றித் தோளில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவனுக்கு இவ்வேற்றுமை முதுகெலும்பில் தெரியும். உள்ளுறுப்புகள் சிலவே யாதலின் கரையிலேயே பிரித்துப் பழுது பார்க்கலாம். படகு அலையில் கவிழ்ந்து மோட்டார் நீரில் முழுகிவிட்டால் இருவீச்சை மீட்பது எளிது. நால்வீச்சிலோ மசகெண்ணெய்ப் பாத்திரத்தில் உப்புநீர் புகுந்து பெருஞ்செலவு வைக்கும். நால்வீச்சை எப்பக்கமாயினும் கிடத்திவிடவும் கூடாது. எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறும். வாங்கும் விலையும் நால்வீச்சுக்கே அதிகம்.

ஆகையால் இவ்வழக்கைத் தீர்க்கும் நீதிபதி ஒருவரே. அவர் பெயர் மணிக்கணக்கு. ஓர் உதாரணம் காட்டுவோம். ஒத்த வலிமையுள்ள இரண்டு மோட்டார்களில், இருவீச்சு மணிக்கு 6 லிட்டர் பெட்ரோலும், நால்வீச்சு நாலரை லிட்டரும் குடிப்பதாகக் கொள்வோம். நாளைக்கு 4 மணி, வருஷத்திற்கு 200 நாள் கடலோடினால் 800 மணி ஆகும். வித்தியாசம் 1,200 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷமொன்றுக்கு 1,20,000 ரூபாய் வீணாகின்றது. அஃதன்றியும், 50 லிட்டருக்கு 1 லிட்டர் வீதம் கலந்தால், இருவீச்சின் 4,800 லிட்டர் பெட்ரோலுக்கு 96 லிட்டர் மசகெண்ணெய் வேண்டும். நால்வீச்சுக்கு 100 மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய 1 லிட்டர் மாற்றினால் 8 லிட்டரே போதும். இங்ஙனம் பார்க்கின், கடலோடிக்கு வாங்கும்போது மிஞ்சிய பணம் ஓரிரு வருஷத்திற்குள் புகையாய்ப் போய்விடும்.

இனி, வருஷத்திற்கு 50 மணியே மோட்டாரை ஓட்டும் ஏரிக் குத்தகைக்காரர் கணக்கு வேறு. அவருக்குப் பெட்ரோல் வித்தியாசம் 75 லிட்டர், அதாவது 7,500 ரூபாயே. பணத்தை மட்டும் பார்த்தால், கனமான நால்வீச்சுக்கு அதிக விலை கொடுப்பது அவருக்கு இலாபமன்று. ஆனால் ஏரி கடலன்று. அதன் நீர் வயலுக்குப் பாய்வது, ஆடுமாடுகள் குடிப்பது, நம் மீன் குஞ்சுகள் வளர்வது. எரியாத எண்ணெய் போய்ச் சேர அங்கே வேறிடமில்லை. எனவே ஏரியில் இயன்றவரை துடுப்பும் கோலுமே போதுமென்றும், இன்றியமையாத இடத்தில் மிகச் சிறிய நால்வீச்சு மோட்டாரோ மின்கல மோட்டாரோ ஏற்றதென்றும் எமக்குத் தோன்றுகிறது. ஊரார் நீரைக் கெடுத்துக் குத்தகை நடத்துவோர்க்கு ஊரில் மதிப்பு நிலையாது.

மண்ணெண்ணெயை நம்பி இருவீச்சு வாங்க நினைப்போர்க்கும் ஒரு வார்த்தை. சாதாரண நால்வீச்சுப் படகு மோட்டார்கள் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டவை. மண்ணெண்ணெய் ஊற்றினால் கெடும். மண்ணெண்ணெய்க்கென்று செய்த இருவீச்சோ, மானிய எண்ணெய் தடையின்றிக் கிடைக்குங்கால் மட்டுமே சிக்கனம். கேரளத்தில் மானிய மண்ணெண்ணெய் வரவு குறையக் குறைய, அதையே நம்பியிருந்த குடும்பங்கள் இடர்ப்பட்டதை நாம் மறத்தலாகாது.

முடிவாக, கடனைப் பற்றிச் சில சொல்லி அமைவோம். மீன் வியாபாரி மோட்டாருக்கு முன்பணம் கொடுத்து, பிடித்த மீனையெல்லாம் தமக்கே தரவேண்டுமென்று கட்டுவது பல கரைகளிலும் உள்ள வழக்கம். விலையை அவரே சொல்வார். எண்ணெய்ச் செலவோ நம் தலையில் விழும். குறைந்த முன்பணத்திற்கு இருவீச்சு வாங்கிக் கொடுப்பது கொடுப்பவருக்கு இலாபம். அதற்கு நாள்தோறும் எண்ணெய் ஊற்றுபவன் வேறொருவன். தேர்பவன் ஒருவனும் செலவைச் சுமப்பவன் மற்றொருவனும் ஆனால், யந்திரம் எவ்வளவு நல்லதாயினும் தேர்வு பிழைபடும்.

ஆதலால் மோட்டார் வாங்கப் புகும் இளைஞர், வருஷத்தில் எத்தனை மணி ஓட்டுவோம், யார் தூக்குவார், எவ்வளவு தூரத்தில் பழுது பார்ப்பவர் இருக்கிறார், எவர் பணம் என்னும் நான்கு வினாக்களுக்கும் ஒரு தாளில் விடை எழுதி, வீட்டுப் பெண்மக்களோடும் கலந்து பேசிய பின்னரே கடைப்படி ஏறுவாராக. பத்துப் பேர் கூட்டுறவாய்ச் சேர்ந்து வாங்கினால் நால்வீச்சின் அதிக விலையையும் தாங்கலாம். பழுது பார்க்க நம் பிள்ளைகளில் ஒருவரைப் பயிற்றுவிக்கவும் செய்யலாம். நம் முன்னோர் காற்றின் குணமறிந்து பாய் விரித்தனர். அவர் வழிவந்த நாம் எஞ்சினின் குணமறிந்து பணம் விரிப்பது தகும். அன்பர்கள் இதனை ஆழ்ந்து சிந்திப்பார்களாக.