கோழிக் காய்ச்சலும் கொல்லைக் கோழியும்

வீட்டுக் கொல்லையில் பத்து கோழி வளர்க்க எந்த இனம் நல்லது? இந்தச் சாதாரணக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை தேடி, அமெரிக்காவில் பலர் கையைச் சுட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. அதற்கு அங்கே வைத்த பெயர் "கோழிக் காய்ச்சல்". நோய் இல்லை, மோகம்!

1842-க்குப் பிறகு சீனத் துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தன. ஷாங்காயிலிருந்து கப்பலேறி வந்த கோழிகள் மேல்நாட்டாரை அசர வைத்தன. பெரிய உடம்பு, கால் வரை இறகு. "கொச்சின்" என்று பெயர் வந்தாலும் நம் கொச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விக்டோரியா மகாராணியே அவற்றை வளர்த்தார். பிறகு கேட்க வேண்டுமா?

1849 நவம்பரில் பாஸ்டன் நகரில் பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழிகளைப் பார்க்கச் சுமார் 10,000 பேர் கூடினார்கள். விலை ஏறியது. ஒரு ஜோடி 100 டாலருக்கு மேல் போனதும் உண்டு. ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற வியாபாரி மகாராணிக்கே கோழிகளைப் பரிசாக அனுப்பி, அதையே விளம்பரமாக்கிக் கொண்டார். முட்டைக்காகவோ கறிக்காகவோ யாரும் அந்த விலை கொடுக்கவில்லை. அடுத்தவர் இன்னும் அதிகம் கொடுப்பார் என்ற நம்பிக்கைதான்.

1855 வாக்கில் குமிழி உடைந்தது. அதே ஆண்டில் பர்ன்ஹாம் இந்த மோகத்தைக் கிண்டல் செய்து புத்தகமே எழுதி விட்டார். நஷ்டம் கடைசியாக வாங்கியவர்களுக்கு.

சரி, கொல்லைக்கு எது நின்றது?

கொச்சின்: பெரிய உடம்பு, சாதுவான குணம், நன்றாக அடை உட்காரும். ஆனால் தீவனம் அதிகம், முட்டை குறைவு.

லெகான்: இத்தாலியிலிருந்து வந்தது. சின்ன உடம்பு, குறைந்த தீவனம், நிறைய வெள்ளை முட்டை. ஆனால் பெரும்பாலும் அடை உட்காராது, கறியும் கம்மி. பெரிய முட்டைப் பண்ணைகள் இதைத்தான் பிடித்துக் கொண்டன.

ரோட் ஐலண்ட் ரெட்: முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும். குளிரைத் தாங்கும், தானே மேய்ந்து கொள்ளும். சிறு குடும்பத்துக்கு ஏற்றது.

இந்த மூன்றாவது இனம் கண்காட்சிக்காகப் பிறந்தது அல்ல. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் லிட்டில் காம்ப்டன் பகுதி விவசாயிகள், ஆசியாவிலிருந்து வந்த சிவப்பு மலாய்ச் சேவல்களையும் ஷாங்காய்க் கோழிகளையும் உள்ளூர்ப் பெட்டைகளோடு கலந்து, நன்றாக முட்டையிடுவதையும் திடமாக இருப்பதையும் மட்டும் வைத்துக் கொண்டே வந்தார்கள். பல ஆண்டு கழித்து, 1904-ல்தான் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது. 1925-ல் அந்த ஊர்ப் பக்கம் கோழிக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1954-ல் அது மாநிலப் பறவையும் ஆனது!

ஆக, மோகத்தில் போன பணம் முழுவதும் வீண் என்றும் சொல்ல முடியாது. அன்று வந்த ஆசியக் கோழிகளின் ரத்தம் இந்தக் கொல்லைக் கோழியிலும் ஓடுகிறது. ஆனால் லாபம் கண்டது விலையைப் பார்த்தவர்கள் அல்ல, தினமும் தீவனத்தையும் முட்டையையும் கணக்குப் பார்த்தவர்கள். பத்து கோழி வாங்கப் போகிறவருக்கு இன்றைக்கும் அந்தக் கணக்கு ஒன்றே போதும்.