ஸ்டீவன்சன், பிரையன் (பி. 1959)

அமெரிக்கக் குடிமை உரிமை வழக்கறிஞர். மரண தண்டனைக் கைதிகளுக்காகவும் சிறார் கைதிகளுக்காகவும் வாதாடுபவர். டெலவேர் மாநிலத்தில் பிறந்து ஹார்வர்டில் சட்டம் பயின்றார். 1989இல் அலபாமாவின் மாண்ட்கமரியில் 'சம நீதி முன்முயற்சி' என்னும் அமைப்பை நிறுவினார்; வழக்கறிஞர் வைக்க வசதியற்றோருக்கு இது கட்டணமின்றி வழக்காடுகிறது.

வால்டர் மெக்மிலியன் வழக்கு இவரது பணியின் தன்மையைத் தெளிவாகக் காட்டுவது. வெள்ளையினப் பெண் ஒருவரின் கொலையில் கைதான இக்கருப்பினத் தொழிலாளி, விசாரணைக்கு முன்பே மரண தண்டனைக் கைதிகளின் கொட்டடியில் அடைக்கப்பட்டார். கொலை நடந்த வேளையில் அவர் வீட்டில் இருந்ததாகப் பலர் சாட்சியம் கூறியும் ஏற்கப்படவில்லை. நடுவர் குழு ஆயுள் தண்டனை பரிந்துரைக்க, நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். முதன்மைச் சாட்சி பொய் சொல்ல வற்புறுத்தப்பட்டதைக் காட்டும் ஒலிநாடாவை ஸ்டீவன்சன் வெளிக்கொணர்ந்தார். 1993இல் மெக்மிலியன் விடுதலையானார்.

இவர் வாதாடிய மில்லர் எதிர் அலபாமா வழக்கில், 18 வயதுக்குட்பட்டோருக்குப் பரோலற்ற ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக்குவது அரசமைப்புக்கு முரண் என உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. 'ஜஸ்ட் மெர்சி' (2014) இவரது நினைவுநூல். இவரது அமைப்பு 2018இல் மாண்ட்கமரியில், கும்பல் கொலைக்குப் பலியான 4,000க்கும் மேற்பட்ட கருப்பினத்தவருக்கு நினைவிடம் திறந்தது.