தவறணையும் சமூக வரலாறும்: செட்டிகுளத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

மது விற்கும் இடங்களை ஒழுக்கவியல் நோக்கில் மட்டும் காணும் மரபு எம்மிடையே வலுவானது. அவை வரலாற்றாய்வுக்கு உரிய பொருள் என்ற எண்ணம் அரிதாகவே எழுந்துள்ளது. பிற நாடுகளின் அனுபவம் வேறானது. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், 1693ஆம் ஆண்டு கல்லூரி நிறுவப்பெற்ற வில்லியம்ஸ்பேர்க் நகரில், ராலி என்ற தவறணை இருந்தது. 1769ஆம் ஆண்டு ஆளுநரால் கலைக்கப்பட்ட மன்றத்தினர் அங்கு கூடியே பிரித்தானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் உடன்பாட்டைச் செய்தனர். அதே தவறணையின் வாயிலில் அடிமைகள் ஏலத்தில் விற்கப்பட்டனர். 1859ஆம் ஆண்டு எரிந்துபோன அக்கட்டடம் மீளக் கட்டப்பெற்று, 1932ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்கு விடப்பட்டது. ஒரு சமூகத்தின் முரண்பாடுகள் ஒரு கூரையின் கீழ் எவ்வாறு உறைந்து கிடக்கலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வவுனியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பம்பைமடுவைக் கடந்து மன்னார் வீதியில் மேற்கே செல்வோர் செட்டிகுளப் பிரதேசத்தை அடைவர். இன்று இப்பெயரைக் கேட்டதும் பலர் நினைவில் எழுவது, போரின் இறுதியில் மக்கள் அடைத்து வைக்கப்பட்டு 2012ஆம் ஆண்டு வரை நீடித்த மெனிக் பாம் முகாமே. அத்துயரம் மறக்கத்தக்கதன்று. எனினும், குளத்தையும் வயலையும் 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னார் இருப்புப்பாதையையும் சார்ந்து வாழ்ந்த வன்னிச் சிற்றூர்களின் அன்றாட வரலாறு அதனால் மறைந்துபோதல் ஆகாது. அவ்வன்றாட வரலாற்றுக்குள் புகுவதற்குத் தவறணை ஒரு வாயிலாகும்.

‘தவறணை’ என்ற சொல்லே நோக்கற்பாலது. ‘தபெர்னா’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து ஐரோப்பியர் வழியாக ஈழத்துத் தமிழில் வந்து சேர்ந்த சொல் அது. கள் நம் மண்ணுக்குப் பழையது; சங்கச் செய்யுள்களும் அதனை அறியும். அன்னியச் சொல்லோடு வந்தது குடிப்பழக்கமன்று; குடியை அரசிறையாக மாற்றிய நிறுவனமே. ஒல்லாந்தரும் அவர்க்குப் பின் ஆங்கிலேயரும் குறித்த பிரதேசத்தில் மது விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டனர். இச்சாராயக் குத்தகையிற் குவிந்த செல்வமே தோட்டங்களிலும் காரியச் சுரங்கங்களிலும் முதலிடப்பட்டு இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்திற்கு அடிகோலியது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

வடபகுதியின் நிலை சற்று வேறுபட்டது. சாராயத்தைப் போத்தலில் அடைத்துத் தூர இடங்களுக்கு அனுப்பலாம். கள் அவ்வாறன்று, இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கும், அடுத்த நாள் பயன்படாது. ஆகவே கள்ளுத் தவறணை மரத்தையும் மரமேறுவோர் குடியிருப்பையும் விட்டு அகல முடியாது. பாளையைச் சீவி முட்டி கட்டுவோன் உழைப்பும், பிளாவில் அருந்துவோன் செலவும், வரி பெறும் அரசின் வருவாயும் சந்திக்கும் புள்ளி அது.

இப்புள்ளியைக் கல்விபெற்ற நடுத்தர வகுப்பினர் எவ்வாறு நோக்கினர்? 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தைத் தொடர்ந்து மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் வலுப்பெற்றது. குடியேற்ற அரசின் வருவாயை எதிர்த்தமையால் அது தேசிய உணர்வின் தொடக்கப் பள்ளியுமாயிற்று. உள்ளூர் வாக்கெடுப்பின் மூலம் பல தவறணைகள் மூடப்பட்டன. 1927ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பில் வந்த காந்தியடிகள் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒருங்கே வலியுறுத்தினார். குடியினால் அழிந்த குடும்பங்களை, சிறப்பாகப் பெண்கள் பட்ட துன்பத்தை எண்ணுவோர் இவ்வியக்கத்தைக் குறைத்து மதிப்பிடார்.

ஆயினும், தவறணை மூடப்பட்டபின் மரமேறுவோன் என் செய்வான் என்ற வினா எஞ்சியது. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கள் கருப்பநீராகும். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டியாகும். அதற்கு விறகும் முதலும் சந்தையும் வேண்டும். அவற்றை வழங்காத மதுவிலக்கு, உழைப்பவன் தொழிலைக் குற்றமாக்கியதேயன்றி மாற்று வழி காட்டவில்லை. மேலும், கள் இறக்கும் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அவன் இறக்கிய கள்ளை விரும்பியோர் தேநீர்க்கடையில் அவனுக்குச் சமமான குவளையை மறுத்தனர். 1957ஆம் ஆண்டுச் சட்டம் இம்மறுப்பைக் குற்றமெனக் கூறியது. ஆனால் 1966ஆம் ஆண்டில் எழுச்சிபெற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களே தேநீர்க்கடைகளினதும் கோயில்களினதும் கதவுகளைத் திறக்கத் தொடங்கின.

இவ்வகையில் 1972ஆம் ஆண்டில் தோன்றிய கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தனிக் கவனத்திற்குரியன. குத்தகைக்காரன் இருந்த இடத்தில் உழைப்பவர் சங்கம் அமர்ந்தது. 1978ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள்களுக்கு ஓர் அமைப்பு வடிவம் அளித்தது. பின்னர் வந்த போர் பெருந்தொகையான பனைகளையும் தொழிலாளரையும் கொண்டுபோயிற்று.

தவறணையைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. குத்தகைக்காரனின் கணக்கேடு, மதுவிலக்காளரின் தீர்மானம், மதுவரி அதிகாரியின் அறிக்கை ஆகியன எழுத்தில் உள்ளன. மரமேறியவனின் கூற்று எழுதப்படவில்லை. 1895ஆம் ஆண்டில் லூயிஸ் எழுதிய வன்னிக் கையேடு போன்றவையும் ஆட்சியாளர் பார்வையிலேயே அமைந்தவை. வன்னி மண்ணில் பல்கலைக்கழகம் ஒன்று நிலைபெற்றுள்ள இக்காலத்தில், செட்டிகுளம் முதலிய ஊர்களின் முதியோர் நினைவுகளை மாணவர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டுதல் வேண்டும். அந்நினைவுகளை உடையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.