கிள்ளான் பள்ளத்தாக்கில் தோற்றத் திறனும் மெய்த்திறனும்: ஓர் இயற்பியல் வேறுபாடு கட்டணமான வரலாறு

1894இல் ரவாங்கின் ஈயச் சுரங்கத்துக்கு லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் மின்னாக்கியைக் கொண்டுவந்தனர். இந்தத் தம்புசாமி பிள்ளைதான் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் சேர்த்துப் பேசப்படுபவர். மறு ஆண்டே கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது. இப்படிச் சிலாங்கூரில் மின்சாரம் தொடக்கத்திலேயே சுரங்க வேலைக்கும் வெளிச்சத்துக்கும் ஒருசேரப் பயன்பட்டது. மாறுமின்னோட்டமும் மோட்டாரும் பரவிய பின்னரே, இவ்விரண்டு பயன்பாடுகளையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பது பெரிய பணச் சிக்கலாயிற்று.

இழை விளக்கு வாங்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவும் ஒளியாகவும் செலவாகிறது. தூண்டல் மோட்டார் அப்படியன்று. காந்தப்புலத்தை எழுப்ப ஒரு பங்கு ஆற்றலை வாங்கி, புலம் அடங்கும்போது திருப்பித் தந்துவிடும்; ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை இது நடக்கிறது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது தோற்றத் திறன். அதன் அலகு கிலோவோல்ட்-ஆம்பியர். உண்மையில் வேலையாகவும் வெப்பமாகவும் மாறுவது மெய்த்திறன், அது கிலோவாட். போய்த் திரும்புவது எதிர்வினைத் திறன். மெய்த்திறனைத் தோற்றத் திறனால் வகுத்தால் திறன் காரணி கிடைக்கும்.

பெயரைப் பார்த்துத் தோற்றத் திறனைப் பொய்யென்று எண்ணிவிடக் கூடாது. கம்பியைச் சூடாக்குவது அதுதான். 415 வோல்ட் மும்முனை இணைப்பில் 100 கிலோவாட் வேலைக்குத் திறன் காரணி 1 என்றால் ஏறக்குறைய 139 ஆம்பியர் போதும். 0.70 ஆனால் 199 ஆம்பியர் வேண்டும். வேலையில் கூடுதல் இல்லை. கம்பியில் விரயமாகும் வெப்பம் மட்டும் இரு மடங்காகிறது.

தொடக்ககால அளவிகளால் இந்த வேறுபாட்டைக் காண முடியவில்லை. 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக ஷாலன்பெர்கர் உருவாக்கிய கருவி ஆம்பியர்-மணியை எண்ணியது. வாடிக்கையாளர் வீட்டில் விளக்கு மட்டும் இருந்தவரை அது நியாயமான கணக்கே. அதே ஆண்டில் டெஸ்லாவின் மோட்டார் காப்புரிமைகள் வெளியாயின. மோட்டார் கடைக்கும் ஆலைக்கும் வந்ததும் கணக்கு கோணலாயிற்று. 1889இல் ஹங்கேரியின் பிளாத்தி மெய்த்திறனை அளக்கும் வாட்-மணி அளவியைத் தந்தார். 1893இல் ஸ்டைன்மெட்ஸ் கலப்பெண்களால் மாறுமின்னோட்டக் கணக்கை எளிதாக்கினார். எதிர்வினைத் திறனுக்கு ‘வார்’ என்ற அலகு 1930இல் ஸ்டாக்ஹோமில்தான் ஏற்கப்பட்டது. கருவி முந்த, பெயர் நாற்பது ஆண்டு பிந்திற்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இச்சிக்கலை வளர்த்தது மோட்டார்களின் பெருக்கம். பிரிக்ஃபீல்ட்ஸை அடுத்த பங்சாரில் போருக்கு முன்பே மின்நிலையம் இருந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953இல் கிள்ளானில் கொனாட் பிரிட்ஜ் நிலையம் 80 மெகாவாட் கொள்ளளவுடன் தொடங்கிற்று. பத்து ஆராங் நிலக்கரி அதன் முதற்கால எரிபொருள். வாரியம் 1965இல் லெம்பாகா லெத்ரிக் நெகாரா (எல்எல்என்) ஆனது. 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. ஈயச் சுரங்கங்களின் பம்புகள் குறையக் குறைய, ஷா ஆலாமிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் தொழிற்சாலை மோட்டார்களும் குளிர்சாதனக் கம்ப்ரஸர்களும் பெருகின.

இதற்குக் கட்டண விதி தந்த விடை கறாரானது. தெனாகா நெடுங்காலமாகக் கடைப்பிடித்த விதிப்படி, 132 கிலோவோல்ட்டுக்குக் குறைந்த இணைப்பில் திறன் காரணி 0.85க்குக் கீழே இறங்கினால், 0.75 வரை ஒவ்வொரு 0.01க்கும் பில்லில் 1.5 விழுக்காடும், அதற்கும் கீழே ஒவ்வொரு 0.01க்கும் 3 விழுக்காடும் கூடும். மேலே கண்ட 100 கிலோவாட் வேலையை 0.70இல் செய்யும் ஆலைக்கு இது 30 விழுக்காடு. ஏறக்குறைய 40 கிலோவார் மின்தேக்கிகளைப் பொருத்தினால் ஆலை அபராதத்திலிருந்து தப்பிவிடும், 0.95ஐ எட்ட 69 கிலோவார் வேண்டும். தேவையான எதிர்வினைத் திறனை மின்தேக்கி மோட்டாருக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிடுவதால், அது கிள்ளானிலிருந்து கம்பிவழி வரவேண்டியதில்லை.

தமிழ்நாடு வேறு வழி கண்டது. அங்கே உயரழுத்த நுகர்வோரின் உச்சத் தேவை கிலோவோல்ட்-ஆம்பியரிலேயே கணக்கிடப்படுகிறது. தெனாகா உச்சத் தேவையைக் கிலோவாட்டில் அளந்ததால், திறன் காரணி அபராதத்தின் வழியாக மட்டுமே பில்லில் நுழைந்தது. எனக்குத் தமிழ்நாட்டு முறையே நேர்மையாகத் தெரிகிறது. அங்கே 0.90இலிருந்து 0.95க்கு உயர்த்துபவருக்கும் உச்சத் தேவைக் கட்டணத்தில் பலன் உண்டு. மலேசிய விதியிலோ 0.85ஐத் தொட்டவுடன் ஆலைக்காரரின் அக்கறை நின்றுவிடும்.

இன்றைய சுமைகள் இரு முறைகளையும் சோதிக்கின்றன. எல்ஈடி விளக்கு, கணினி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை மின்னோட்டத்தின் அலைவடிவத்தையே சிதைக்கின்றன. ருமேனியர் புதேயானு 1927இலேயே சிதைவுத் திறன் என மூன்றாவது கூறு ஒன்றை முன்வைத்தார். அதைச் சரியாக வரையறுப்பது பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. கிலோவாட்-மணியையும் கிலோவார்-மணியையும் மட்டும் வைத்துப் போடும் மாதக் கணக்கு இச்சிதைவை முழுமையாகக் காட்டாது. அபராதத்துக்கு அஞ்சிப் பொருத்திய மின்தேக்கியே சில வேளைகளில் இச்சிதைவில் எழும் மேலலைகளோடு ஒத்ததிர்ந்து சூடேறிப் பழுதாகிறது.