தேயிலைக்கா, ஆளுக்கா?

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். ஒரு நாள் காலை அங்கே பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எதிரே நீலமாய் நின்ற மலையைக் காட்டி, "டாப் ஸ்டேஷன் இங்கிருந்து எவ்வளவு தூரம், ஐயா?" என்று கேட்டேன்.

"தேயிலைக்கா தம்பி, ஆளுக்கா?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். அந்தக் கேள்விக்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மூணாற்றுத் தேயிலை வெளியுலகைப் பார்க்க ஒரு காலத்தில் போடி வழியாகத்தான் இறங்கி வரவேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை, இரண்டே அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி மலை விளிம்புக்கு வந்தன. அதற்கப்பால் பாதாளம்! ரயிலும் இறங்காது, வண்டியும் இறங்காது. ஆகவே பெட்டிகளைக் கம்பி வடத்தில் தொங்கவிட்டார்கள். அவை ஐந்து கிலோமீட்டர் அந்தரத்திலேயே பறந்து கொட்டகுடியில் இறங்கின. அந்த இடத்துக்குப் 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டியில் பதினைந்து கிலோமீட்டர்.

ஆளின் கதை வேறு. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் பறக்கவில்லை. தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகக் காட்டுப் பாதையில் நடந்தே ஏறினார்கள்.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் குட்டி ரயிலை அழித்தது. மீண்டும் அதை யாரும் போடவில்லை. கம்பி வடமும் காலப்போக்கில் மறைந்தது. இன்று காரில் போகிறவர் போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று மலையைச் சுற்றி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போகவேண்டும். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாடு அங்கேதான்!

அந்த மலையில் தூரம் என்பது எவ்வளவு கொடியது என்பதை 2018 மார்ச் 11ஆம் தேதி நாடே கண்டது. குரங்கணிக் காட்டில் நடைப்பயணம் வந்தவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் இருட்டில் முதலில் போய்ச் சேர்ந்தவை ஊர்க்காரர்களின் கால்கள்தான். காயம்பட்டவர்களைப் போர்வையில் ஏந்தி, செங்குத்துச் சரிவில் அடிமேல் அடிவைத்து இறக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

அன்று டீக்கடையில், "ஆளுக்குத்தான், ஐயா" என்று பெரியவருக்குப் பதில் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மலையைச் சற்று நேரம் பார்த்தார்.

"அதை எங்க ஆத்தாகிட்டத்தான் கேக்கணும் தம்பி. என்னை இடுப்புல வச்சு ஏறினவ அவதான்" என்றார்.